மலை ஒண்ணு

ஈரோடு பஸ்ஸில் இருபத்தாறு வருசமாய்
"மலை ஒண்ணு" என்றுதான் டிக்கெட் வாங்குகிறேன்.
எந்த மலை என்று புதுக் கண்டக்டர் முழித்தால்
பக்கத்துச் சீட்டுக்காரி சொல்லுவாள்:
ஊர்ப்பேரில் பாதி இவள் வீட்டுக்காரர் பேருங்க.

முதுகெலும்புக்குப் புற்று இறங்கியது தை மாசம்.
மாத்திரைகள் கைவிட்டபின்
தோளில் ஒட்ட ஒரு வில்லை கொடுத்தார்கள்,
பாஸ்போர்ட் போட்டோ அளவு, கண்ணாடியாட்டம் மெலிசு.
மூணு நாளைக்கு ஒன்று.
ஒட்டிய மறுநாள் பழைய சோறு கேட்டுச் சாப்பிட்டார்.
அந்த வில்லையை இன்றுவரை நான் திட்டவில்லை.

பங்குனி ராத்திரி. எட்டுத் தறியும் ஓடுகிறது.
தோள்பட்டை விண்ணுன்னு இருக்குது என்றார்.
வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி
அண்டை கொடுத்தேன்.
சூடு பட்டால் வில்லை
மருந்தை அவசரமாய்க் கக்கும் என்று
அட்டையில் எழுதியிருந்ததாம்.
இங்கிலீஷில்.

குறட்டை விட்டார்.
எத்தனை மாசம் கழித்து, சாமி, என்று
சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.

தறியில் நூல் அறுந்தால் பின் விழும்,
பின் விழுந்தால் தறி நிற்கும்,
நின்ற சத்தத்துக்கு நான் எழுந்துவிடுவேன்.
அன்றைக்கு எந்தப் பின்னும் விழவில்லை.
தண்ணி தவித்துத்தான் எழுந்தேன்.

உதடு நாவப்பழம் தின்ற மாதிரி.
டார்ச் அடித்தால் கண்மணி கடுகு.
ஒரு மூச்சு.
விநாடி முள் பன்னிரண்டிலிருந்து மூணுக்கு நடந்தது.
இன்னொரு மூச்சு,
கடனே என்று.

முகத்தில் ஒரு வேதனை இல்லை.
கிணற்றில் முங்குகிறவன்கூட உதைப்பான்.
இவர் உதைக்கவில்லை.
அதில்தான் எனக்குக் குலை நடுங்கியது.

போனில் நர்ஸ் ஜெசிந்தா:
"வில்லையைப் பிய்ங்க, பையை எடுங்க,
ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன்.
மூச்சு உடோணும்னு அவருக்குத் தோணாதுங்க அக்கா.
ஆனா சொன்னா உடுவாரு.
பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்க."

"ஏனுங்க" என்றேன்.
"பேருங்க அக்கா."
"ஏனுங்க, இங்க பாருங்க!"
"பேரு."

சென்னியப்பா.

சென்னியப்பா, மூச்சு இழு.
மரியாதையும் கூடவே போய்விட்டது.
இழுத்தார்,
வாத்தியாருக்குப் பயந்த பையனாட்டம்.
நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார்.

தறி ஓட்டும் ஒடிசாப் பையன் ரமாகாந்த்
எட்டையும் அணைத்துவிட்டு ஓடி வந்தான்.
அந்த அமைதியில் என் குரல் எனக்கே அன்னியம்.
தொண்டை கட்டியதும் அவன் கூப்பிட்டான்,
"சென்னி... அப்பா" என்று
ரெண்டாய் உடைத்து.
அதற்கும் இழுத்தார்.

பெருந்துறையில் ஊசி போட்ட சின்ன டாக்டரம்மா சொன்னாள்:
பின்மண்டைக்கு அடியில் முகுளம்.
அதற்குள் கொஞ்சூண்டு நரம்புகள்
பிறந்த நாளிலிருந்து மூச்சுக்கு மிதி போடுதுங்க.
ரத்தத்தில் கரியமிலவாயு ஏறினால் அங்கேதான் அலறும்.
வலியின் வாயைப் பொத்தப் போன மருந்து
இதன் வாயையும் சேர்த்துப் பொத்திவிட்டது.

முகுளம் என்றால் மொட்டு, எட்டாவதில் படித்தது.
சென்னி என்றால் தலை.
தலையின் காம்பில் ஒரு மொட்டு கூம்பிக்கொண்டிருந்திருக்கிறது,
நான் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன்.

ஊசியில் மூச்சு வந்தது. கூடவே வலியும்.
கண் திறந்ததும் என்னைத்தான் திட்டினார்,
காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தை.
ஊசி சீக்கிரம் தீர்ந்துவிடும்,
தோலுக்கடியில் மருந்து இன்னும் ஊறும்,
பார்த்துக்கிட்டே இருக்கோணும் என்றார்கள்.
சொட்டு மருந்து ஏற, ஸ்டூலில் உட்கார்ந்து
விடியும் மட்டும் கூப்பிட்டேன்.
"கேக்குதுடி" என்றார் ஒரு தடவை.
"எத்தனை வாட்டி."

புதன்கிழமை ஈரோடு போய் வில்லை வாங்கினேன்.
அதே மருந்து, சின்ன அளவு.
வீட்டில் ரமாகாந்த் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தான்.
பஸ்ஸில் கண்டக்டர் வந்தார்.

மலை ஒண்ணு என்றேன்.
வெட்கமெல்லாம் இல்லை இப்போது.
அந்தப் பேரை டிக்கெட்டுக்குச் செலவழிக்க
மனசில்லை.